எல்லாம் ஒரே கடைதான்

அந்த மஞ்சள் பையைக் கொஞ்சம் கீழே வைத்துவிடுங்கள். காலடியில் தள்ளிவிட்டாலும் சரி. அதை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காராதீர்கள். உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, உங்களை இதற்கு முன்னால் நான் பார்த்ததுகூட இல்லை. அந்தப் பையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது, அதனால் சொன்னேன்.

ஆங், அப்படித்தான். ரொம்ப நன்றி.

'அன்றாடம்' சூப்பர் மார்ட். எந்தக் கிளையில் வாங்கினீர்கள்? பார்த்தீர்களா, உங்களுக்கே யோசிக்கவேண்டியிருக்கிறது! பொன்மலைப்பட்டியில்தானே ஏறினீர்கள். எங்கள் ரோட்டில் மட்டும் மூன்று. கோவிலுக்கு எதிரே ஒன்று, ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஒன்று, தியேட்டரை இடித்தார்களே அந்த மூலையில் ஒன்று. அதே மஞ்சள் போர்டு, அதே பச்சை எழுத்து. உள்ளே போனால் இடது கைப்பக்கம் பிஸ்கட், வலது கைப்பக்கம் சோப்பு. கண்ணைக் கட்டி விட்டாலும் உளுத்தம்பருப்பு எங்கே இருக்கிறதென்று எடுத்துவிடலாம். திருச்சிக்கு மொத்தம் இருபத்து மூன்று. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பதினேழு கிளைக்குள் போய்க் கிழித்தவள் நான். பதினெட்டாவதில்தான் அந்தப் பெண்ணின் மண்டை குறுக்கே வந்தது.

இருங்கள், எழுந்திருக்காதீர்கள். முறையாகச் சொல்கிறேன். எங்கள் கான்வென்ட்டில் மதர் பெர்னதெத் என்று ஒருவர், ஆரம்பத்திலிருந்து சொல்லாவிட்டால் ஸ்கேலை நிமிர்த்தி விரல் முட்டியிலேயே போடுவார். போட்டுப் போட்டுத்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது.

என் பெயர் கிளாரா. வீட்டுக்காரர் அருளப்பன், பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் இருக்கிறார். ஒரே மகள் ஜோவிட்டா. பி.காம் கடைசி வருஷம், கோவில் பாடற்குழுவில் முதல் குரல். நான் இப்போது ஜாமீனில் இருக்கிறேன். தினமும் காலை பத்தரைக்கு சத்திரம் பக்கத்து ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும், அதற்குத்தான் இந்த பஸ். வருகிற வியாழக்கிழமை ஜோவிட்டா மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்கிறாள். என் கேஸில் சாட்சியே அவள்தான். அவள் ஒரு மாதிரி சொன்னால் நான் வீட்டில் குழம்பு வைத்துக்கொண்டிருப்பேன். இன்னொரு மாதிரி சொன்னால் ஏழெட்டு வருஷம் உள்ளே. வக்கீல் சொன்னது, நானாகச் சொல்லவில்லை.

ஜாமீனுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. எந்த அன்றாடம் கிளைக்குள்ளும் நான் போகக்கூடாது, நூறு மீட்டருக்குள் நிற்கவும் கூடாது. "சார், இந்த ஊர்ல அந்தக் கடைக்கு நூறு மீட்டர் தள்ளி எங்க நிக்கிறது? காவேரிக்கு நடுவுலயா?" என்று கேட்டேன். "பஸ்ல போறப்போ கண்ணை மூடிக்குங்கம்மா" என்றார். இப்படி ஒரு வக்கீல்.

எல்லாம் ஒரு ஹேர் டையில் ஆரம்பித்தது. என் தங்கை மகள் கல்யாணம் வந்தது, தலை பாதி நரைத்துக் கிடந்தது. இவரை அனுப்பினேன். கறுப்பு வாங்கிவாருங்கள் என்றால் பழுப்பு வாங்கிவந்து நிற்கிறார். கோவில் எதிர்க் கிளையில் வாங்கியது. அங்கே கறுப்பு தீர்ந்துபோயிற்றாம். தீர்ந்துபோனால் சும்மா வரவேண்டியதுதானே?

நான் ஜோவியைக் கூப்பிட்டேன். "தியேட்டர் மூலைக் கடைக்குப் போ. இந்த டப்பாவை அலமாரில வச்சிட்டு, பக்கத்துல இருக்கிற கறுப்பை எடுத்துட்டு வந்துடு."

"பில் போடற இடத்துல சொல்லிட்டுத்தானேம்மா மாத்தணும்?"

"சொன்னா அவன் மேனேஜரைக் கூப்பிடுவான், மேனேஜர் சிஸ்டத்தைத் தட்டுவான், அது சுத்திக்கிட்டே நிக்கும். சனிக்கிழமை கூட்டத்துல முக்கால் மணி நேரம் போகும். அதே கம்பெனி, அதே விலை, அதே டப்பா. எல்லாம் ஒரே கடைதானே? போடி."

நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். நாலு வருஷமாகச் செய்கிறேன். ஒரு கிளையில் வாங்கிய பெரிய பற்பசையை இன்னொன்றில் வைத்துவிட்டு இரண்டு சின்னது எடுத்துவருவேன். யாருக்கு என்ன நஷ்டம்? வைத்தேன், எடுத்தேன். இதற்குப் பெயர் திருட்டா? சொல்லுங்கள். நான் ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை. மாட்டிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? நிமிர்ந்து நடக்கவேண்டும், அவ்வளவுதான். இவள் பயந்து பயந்து நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு எடுத்திருக்கிறாள். எடுத்ததைத் துப்பட்டாவுக்குள் வேறு வைத்திருக்கிறாள். கேமராவில் அவர்கள் எடுத்ததைத்தான் பார்த்தார்கள், வைத்ததைப் பார்க்கவில்லை.

இரண்டு மணி நேரம் சரக்கு அறையில் வைத்திருந்தார்கள். அரிசி மூட்டைக்கு நடுவில். மணிமாறன் என்று ஒரு சூப்பர்வைசர், கன்னத்தில் ஒன்று விட்டிருக்கிறான். டப்பாவைக் கையில் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்திருக்கிறான். 'திருடியது உண்மை' என்று எழுதிவாங்கிக்கொண்டு அனுப்பினான்.

வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று சொன்னாள். விரல் நாலும் கன்னத்தில் பதிந்திருந்தது. நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். கட்டை கையில் இருந்தது. இரண்டு போட்டேன். தோளில்தான். டை எடுத்ததற்காக இல்லை, அதை நான்தானே எடுக்கச் சொன்னேன். கையெழுத்துப் போட்டாளே, அதற்கு. "படிச்ச பொண்ணுதானே நீ? எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியாது?" எந்த அம்மாவுக்கும் அந்த நேரத்தில் கை வரத்தான் செய்யும். இவர் குறுக்கே வந்தார், இவருக்கும் முழங்கையில் பட்டது.

கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து, பூசை முடிந்து வெளியே வரும்போது எமல்டா, எங்கள் எதிர்வீட்டுக்காரி, என் காதோரம் வந்து, "கிளாரா, ஜோவி போட்டோ கடையில இருக்கேடி, பார்த்தியா?" என்றாள். எப்படிக் கேட்டாள் தெரியுமா? மகளுக்கு மெடல் கிடைத்த மாதிரி கேட்டாள்.

ரோட்டைத் தாண்டிக் கோவில் எதிர்க் கிளைக்குப் போனேன். பில் போடும் இடத்தில், கார்டு தேய்க்கிற மெஷினுக்கு மேலே, என் மகள். கையில் டப்பா, வீங்கிய கன்னம். கீழே கொட்டை எழுத்தில் 'பிவேர் தீஃப்'. 'ஆஃப்' எங்கே போயிற்று? என் மகளைத் திருடி என்று எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு 'ஆஃப்' எழுதத் தெரியவில்லை.

கிழித்தேன். அந்த மேனேஜர் பையன் ஓடிவந்தான்.

"மேடம், மேடம், அது எங்களுது இல்ல. தியேட்டர் கார்னர் பிராஞ்ச்சுல நடந்தது. அவங்க குரூப்புல போட்டாங்க, ஹெட் ஆபீஸ் எல்லா பிராஞ்ச்சுலயும் ஒட்டச் சொல்லிட்டாங்க."

"எல்லா பிராஞ்ச்னா?"

"இருபத்து மூணு மேடம்."

"சரி, நீ எடு."

"என்னால முடியாது மேடம். ஒவ்வொரு பிராஞ்ச்சுக்கும் ஓனர் வேற வேற. பேருக்கு மட்டும்தான் ஒரே போர்டு. புகார் கொடுத்த பிராஞ்ச் வாபஸ் வாங்கினாத்தான்..."

கேட்டீர்களா நியாயத்தை? என் மகள் டப்பாவை மாற்றினால் அது வேறு கடை, இது வேறு கடை. என் மகள் மூஞ்சியை ஒட்டுவதென்றால் இருபத்து மூன்றும் ஒரே கடை! அவனிடம் இதைத்தான் கேட்டேன். கல்லா மேலிருந்த சில்லறை மிட்டாய் ஜாடியைத் தூக்கி அவன் காலடியில் போட்டு உடைத்தேன். அவன் காலில் கண்ணாடி குத்தியது. கொஞ்சம்தான்.

மறுநாள் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் புதுசாக ஒட்டியிருக்கிறான். கலர் பிரிண்ட்.

அன்றைக்கு ஆரம்பித்தேன். காலையில் இவருக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவேன். ரேஷன் கடைப் பக்கத்தில் கிழித்தேன். டோல்கேட்டில் கிழித்தேன். அங்கே செக்யூரிட்டி, பட்டாளத்தில் இருந்தவனாம், என் முழங்கையைப் பிடித்தான். என்னை யாரும் முழங்கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. கையிலிருந்த கூடையைச் சுழற்றினேன். கூடையில் இரண்டு கிலோ கல்லுப்பு. அவன் முன்பல் இரண்டு தெறித்து பேரீச்சம்பழ அடுக்கில் விழுந்தது. பொய்ப்பல்லாகத்தான் இருக்கும். பாலக்கரையில் பில் போடுகிற ஒருத்தி செல்போனில் படம் எடுத்தாள். போனைப் பிடுங்கி முட்டை அட்டைமேல் எறிந்தேன், அவள் என் முடியைப் பிடித்தாள், நான் அவள் கையைக் கடித்தேன். மூன்று தையல் என்று பிறகு கோர்ட்டில் படித்தார்கள். உறையூரில் எண்ணெய்ப் பாக்கெட் அடுக்கைச் சாய்த்துவிட்டேன், மேனேஜர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதற்கு நான் என்ன செய்யமுடியும்? பார்த்து நடக்கவேண்டும்.

போலீஸ் வரவில்லையா என்று கேட்பீர்கள். இரண்டு தடவை வந்தார்கள். கான்வென்ட் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினேன், எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். வேறு வேறு ஸ்டேஷன் எல்லை, வேறு வேறு ஓனர். ஒருவருக்கும் இது ஒரே கேஸ் என்று தெரியவில்லை. அந்தக் கடைகளைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளவேண்டாமா!

நான் கிழிக்கக் கிழிக்க அவர்கள் ஒட்டினார்கள். ஜோவி காலேஜுக்குப் போவதை நிறுத்தினாள். கோவிலுக்கு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கிடந்தாள்.

"அம்மா, நீ போகப் போகத்தான் எல்லாரும் என் போட்டோவை உத்துப் பாக்குறாங்க. நீ வீட்டுல இரும்மா. ப்ளீஸ்" என்றாள் ஒருநாள். குழந்தைக்கு என்ன தெரியும்?

இவர் வேறு இடையில். ஒர்க் ஷாப் ஆள், எல்லாவற்றுக்கும் ஒரு நட்டும் போல்ட்டும் தேடுகிற மனுஷன். ஒரு சாயங்காலம் கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து நின்றார்.

"கிளாரா, பில் கிடைச்சிடுச்சு."

வாங்குகிற பில்லையெல்லாம் சமையலறைக் கம்பியில் குத்திவைக்கிற பழக்கம் அவருக்கு. அந்த டையின் பில்லும் அதில் இருந்திருக்கிறது.

"இதைக் காட்டி, நாங்க ஒரு டப்பாவை வச்சிட்டுத்தான் ஒண்ணை எடுத்தோம், சொல்லாம மாத்துனது எங்க தப்புன்னு நீ ஒரு வரி எழுதிக்குடு. தியேட்டர் கார்னர் ஓனர்கிட்ட நான் பேசுறேன். கேமராவுல முன்னாடி ஓட்டிப் பார்த்தா அவ வச்சதும் தெரியும். வாபஸ் வாங்கிடுவாரு."

"தப்புன்னு நான் எழுதணுமா?"

"நீதானே அனுப்பினே?"

அந்தக் கேள்வியைக் கேட்டார் பாருங்கள், இருபத்து மூன்று வருஷம் என் கையால் தின்றவர். சூடான பால் டம்ளர் கையில் இருந்தது. மேலே முழுசாகப் படவில்லை, சட்டையில்தான். "ஒரு வரி என்ன, ஒரு எழுத்து எழுத மாட்டேன். என் பொண்ணு திருடி இல்லேன்னு நான் பில் காட்டி நிரூபிக்கணுமா?" சட்டையைக் கழற்றிக் காயப்போட்டார். பில்லை மட்டும் நனையாமல் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. அன்றைக்கு ஜோவியையும் இழுத்துக்கொண்டு போனேன். "வாடி. உன் முன்னாடியே கிழிக்கிறேன். உனக்காக உங்கம்மா என்ன செய்யிறான்னு பாரு." வரமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். விரலைப் பிரித்துக் கூட்டிப்போனேன். சத்திரம் பக்கம், காய்கறி மார்க்கெட்டுக்குத் திரும்புகிற இடத்துக் கிளை. பதினெட்டாவது.

பஸ்ஸில் போகும்போதே கைப்பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இவர்தான். பதினொரு தடவை. நான் எடுக்கவில்லை. மறுபடியும் பில் பில் என்று ஆரம்பிப்பார். ஜோவி போனுக்கும் அடித்தார், அவள் போன் என்னிடம்தான் இருந்தது, அதை அணைத்தேன்.

உள்ளே போனேன். பில் போடும் இடத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஒரு பெண் ஏறி நின்றுகொண்டிருந்தாள். எல்லாக் கிளையிலும் போடுகிற அதே மெரூன் சட்டை, அதே தலைவலை, அதே பாட்ஜ். ஒரு கையில் என் மகளின் போட்டோ. இன்னொரு கையில் டேப். சுவர் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள்? சொல்லுங்கள். போட்டோவும் டேப்புமாக ஒருத்தி சுவருக்கு முன்னால் நின்றால் என்ன நினைப்பீர்கள்? ஒட்டுகிறாள் என்றுதானே?

வாசல் பக்கம் தோசைக்கல் அடுக்கி வைத்திருந்தார்கள். வார்ப்பிரும்பு, ஒன்று மூன்று கிலோ. மேலே இருந்ததை எடுத்தேன். இரண்டு கையாலும் எடுத்தேன், கனம். ஸ்டூலைக் காலால் தள்ளினேன். அவள் சரிந்து திரும்பினாள், முகம் என் பக்கம் வந்தது. அடித்தேன்.

அந்தச் சத்தம் தேங்காய் உடைக்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற மாதிரி இருந்தது. ஊறுகாய் பாட்டில் அடுக்கின்மேல் விழுந்தாள், அடுக்கோடு சாய்ந்தாள். தரையெல்லாம் மாங்காய், எண்ணெய், ரத்தம். எது எது என்று தெரியவில்லை. பில் போடும் பெண்கள், வாங்க வந்தவர்கள், எல்லாரும் கதறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான்.

அப்போதுதான் ஜோவி கத்தினாளாம். "அம்மா, எடுக்குறாம்மா! ஒட்டலம்மா! பிய்ச்சு எடுக்குறாம்மா!"

உண்மைதான். எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கையில் இருந்தது பிய்த்த டேப். அன்று காலையில் இவர் லீவு போட்டுவிட்டு, பில்லை எடுத்துக்கொண்டு தியேட்டர் மூலை ஓனரைப் பார்த்திருக்கிறார். எனக்குப் பதிலாக அவரே 'எங்கள் தப்பு' என்று எழுதிக்கொடுத்திருக்கிறார், என் பெயரைப் போட்டு. கேமராவை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஜோவி வைத்ததும் தெரிந்திருக்கிறது. அந்த மணிமாறனையும் அப்போதே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டாராம் ஓனர். இரண்டே முக்காலுக்கு எல்லாக் கிளைக்கும் செய்தி போயிருக்கிறது, போட்டோவை உடனே எடுங்கள் என்று. அதைச் சொல்லத்தான் பதினொரு தடவை போன். காலையில் கிளம்பும்போதே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? ஆனால் இன்றுவரை யாரும் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்தப் பெண் பெயர் சங்கவி. துறையூர்ப் பக்கம், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். பத்தொன்பது வயது. கன்ன எலும்பு உடைந்து, இடது கண்... இடது கண் வராது என்று சொல்லிவிட்டார்கள். வருத்தம்தான். எனக்கும் பெண் இருக்கிறது. ஆனால் ஒன்று, அவள் வாயைத் திறந்து "எடுக்கிறேன்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எத்தனை அடி என்பதுதான் இப்போது கேஸே. நான் ஒன்று என்கிறேன். கேமராவில் மூன்று தெரிகிறது, கையும் கல்லும் மட்டும்தான், என் முகம் அதில் விழவில்லை. கேமராவுக்குக் கண் உண்டு, காது கிடையாது. வக்கீல் என்னை எதிரே உட்காரவைத்துச் சொன்னார்: "முதல் அடி தப்பாப் புரிஞ்சுக்கிட்டு விழுந்தது. ஆத்திரம். அதை நான் பேசிக்குவேன். பொண்ணு கத்தினது எப்ப? மூணு அடியும் முடிஞ்சப்புறமா, நடுவுலயா? நடுவுலன்னா, அவ எடுக்குறான்னு தெரிஞ்சும் நீங்க அடிச்சதா ஆயிடும். அதை உங்க பொண்ணுதாம்மா சொல்லணும். அங்க வேற ஆள் இல்ல." சங்கவிக்கு முதல் அடிக்கு மேல் ஒன்றும் ஞாபகமில்லை.

எனக்குக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று வக்கீலும் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் ஜோவி வீட்டில் இல்லை. துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே தெரியுமா? அந்தப் பதினெட்டாவது கிளைக்கு. சங்கவியின் ஹாஸ்டலில், சங்கவியின் கட்டிலில் படுக்கிறாள். சங்கவி எழுந்து வரும்வரை அவள் வேலை போய்விடக்கூடாதாம், அவள் ஷிஃப்ட்டை இவள் பார்க்கிறாளாம். ஷிஃப்ட் முடிந்தால் கண் ஆஸ்பத்திரி. சங்கவிக்கு மருந்து விடுவது, தலை வாரிவிடுவது. எனக்கு இவள் ஒருநாள் தலை வாரிவிட்டதில்லை! அந்தக் கிளை ஓனர் சிவகாமி என்று ஒரு டாக்டர் பெண்டாட்டி, பெரிய மனசு பண்ணி வேலை கொடுத்தாளாம். பெரிய மனசா அது? சாட்சியைக் கையில் வைத்துக்கொள்கிறாள். இதுகூட இவருக்குப் புரியவில்லை. "அவ மனசுக்கு அதுதான் மருந்து கிளாரா, விடு" என்கிறார்.

அதோ பாருங்கள், பாலக்கரைக் கிளை. அந்த முட்டை அட்டைக்காரி வாசலில் நிற்கிறாள். நான் இந்த பஸ்ஸில் போவது தெரியாது அவளுக்கு. கண்ணை மூடவேண்டுமாம் நான்.

சரி, வக்கீலிடமே சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, நான் யாரோ. ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் நான் நேராக வீட்டுக்குத் திரும்புவதில்லை. அந்தக் கிளைக்கு எதிர்ச்சாரியில் ஒரு கரும்புச் சாற்று வண்டி நிற்கும், அதன் பக்கத்தில் போய் நிற்பேன். நூறு மீட்டர் இருக்குமா என்றால், இருக்காது. நாற்பது இருக்கும். கண்ணாடிக்குள் ஜோவி தெரிவாள். மெரூன் சட்டை, தலைவலை. பில் போட்டுக்கொண்டிருப்பாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. இருபத்து ஆறு நாள் நின்றேன்.

நேற்று பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டோவெல்லாம் ஹாரன் அடிக்க அடிக்க ரோட்டைத் தாண்டி வந்தாள். இளைத்திருந்தாள். எனக்கு முன்னால் ஒரு எட்டு தள்ளி நின்றாள்.

"அம்மா, இங்க நிக்காத. கேமராவுல விழுற. ஜாமீன் ரத்தாயிடும்."

கவனித்தீர்களா? அம்மா என்றாள். இத்தனை நாள் கழித்து முதல் வார்த்தை அம்மா. என் ஜாமீனைப் பற்றிக் கவலைப்படுகிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இதுதான் சமயம் என்று கேட்டேன்.

"வியாழக்கிழமை என்ன சொல்லப் போறே ஜோவி?"

"பார்த்ததைச் சொல்லுவேன்."

"பார்த்ததைத்தான் சொல்லணும். பொய் சொன்னா உன்னை நான் விட்டிருக்கேனா? ஆனா நீ கத்தினது எனக்குக் கேக்கலடி. அதையும் சொல்லு. அம்மாவுக்குக் கேக்கலன்னு சொல்லு."

என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்லமாட்டேன். கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படி.

"கேட்டுச்சும்மா" என்றாள். "நான் கத்தினதும் நீ திரும்பி என்னைப் பார்த்தே. நேரா என் கண்ணைப் பார்த்தே. பார்த்துட்டுத்தான் ரெண்டாவது அடிச்சே. அப்புறம் மூணாவது."

நட்டநடு ரோடு. கரும்புச் சாறு குடிக்க நாலு பேர் நின்றார்கள். என் கை மேலே போய்விட்டது. நான் தூக்கவில்லை, அதுவாகப் போயிற்று. ஜோவி ஓடவில்லை. கையைக் குறுக்கே வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை இப்படி லேசாகத் திருப்பி, கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆறு வயதிலிருந்து அப்படித்தான் நிற்பாள். கரும்பு பிழிகிற ஆள் மெஷினை நிறுத்திவிட்டான்.

கை மேலேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் இறக்கிவிட்டேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். என் கையைப் பார்த்தாள். "பில்லிங்ல ஆள் நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஓங்கினேன். அடிக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள், அவள் கண்ணைத் திறந்தபோது என் கை கீழேதானே இருந்தது? அவள் பார்த்தாள். பார்த்ததைச் சொல்கிறவள், அதையும் வியாழக்கிழமை சொல்லத்தானே வேண்டும்?